புளிச்சது வேற, ஊசினது வேற

‘புளிச்ச வாடை’ என்பது எங்கள் பக்கத்தில் ஒரு வசவு. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வழக்கு வரும் என்று தெரிந்துகொண்டவர்கள் இந்த மாதிரிச் சொற்களை வைத்துக்கொண்டார்கள். தா.பழூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற டவுன் பஸ்ஸில், நடவு முடித்து ஏறுகிற எங்க தெருப் பொம்பளைங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, “என்னாடி இது, ஒரே புளிச்ச வாடை” என்பார்கள். வியர்வை, சேறு, தூக்குவாளியில் மிச்சம் கிடக்கும் கூழ் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். சாதி என்ற சொல் மட்டும் அதில் இல்லை. ஆனால் அது சாதிதான்.

இந்தப் புளிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. எழுத வைத்தது ஒரு பீர்.

சென்னையில் ஒரு கருத்தரங்கு முடிந்து தோழர் ஒருவர் வீட்டில் நாலைந்து பேர் தங்கியிருந்தோம். ஐரோப்பாவில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். ரோடன்பாக் கிராண்ட் க்ரூ என்று பேர். பெல்ஜியத்தில் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ரூசெலாரே என்கிற ஊரில் காய்ச்சுவது. 1821இல் ரோடன்பாக் குடும்பம் தொடங்கிய ஆலை. காய்ச்சிய பீரை ஓக் மரத்தால் செய்த ஆள் உயரத்துக்கும் மேலான பீப்பாய்களில் ஊற்றி இரண்டு வருசம் போட்டு வைப்பார்களாம். அப்படிப் பழுத்ததில் இரண்டு பங்கு, புதுசு ஒரு பங்கு கலந்தால் இந்தப் பாட்டில். “பீர்னா கசக்கும்னுதானே நெனைக்கிறீங்க தோழர்? இது புளிக்கும். ஒரு வாய் பாருங்க” என்றார்.

பார்த்தேன். செம்மண் தண்ணி நிறம். முதலில் மூக்கில் ஏறியது காடி வாடை. நாக்கில் வைத்ததும் சுர்ரென்று ஒரு புளிப்பு, கன்னத்து ஓரமெல்லாம் எச்சில் ஊறியது. அதுக்குப் பின்னால் கொஞ்சம் இனிப்பு. அப்புறம் நனைந்த மரக்கட்டையை நக்கின மாதிரி ஒரு துவர்ப்பு. தம்பி ஒரு புத்தகத்தை எடுத்து அதற்கான சொற்களை வாசித்தார். புளிச்செர்ரி, காடி, பழைய மரம், தோல். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் லாம்பிக் என்று இன்னொரு புளிப்பு பீர் உண்டு. அதை ருசி பார்க்கிறவர்கள் ‘குதிரைப் போர்வை வாடை’, ‘தொழுவ வாடை’ என்றெல்லாம் சொல்வார்களாம். திட்டுவதற்காக அல்ல. மெச்சுவதற்காக.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. தொழுவ வாடை என்றால் என்ன என்று எங்களுக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. பண்ணைத் தொழுவத்தில் சாணி வழித்த கை எங்கள் கை. அந்த வாடை உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று சொல்லித்தான் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஆனால் நான் குடித்த அந்த ஒரு வாயில் எனக்குத் தெரிந்தது செர்ரியும் இல்லை, குதிரையும் இல்லை. சித்திரை மாசம் கொட்டை திருகிப் போட்ட முந்திரிப்பழம் இரண்டு நாள் மண்ணில் கிடந்தால் வருகிற மணம். அதோடு எங்க அப்பாயியின் கூழ்ப்பானை.

அந்தப் பானையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. ஆற்றோரம் நெல். வடக்கே போகப் போகச் செம்மண் மேட்டுக்காடு, முந்திரி, கம்பு, சோளம், வரகு. நெல்லை விளைவித்தது நாங்கள், ஆனால் எங்கள் அடுப்பில் வெந்தது கம்பு. அப்பாயி கம்பை இடித்து மாவாக்கிச் சாயங்காலம் தண்ணியில் கரைத்து வைக்கும். ராத்திரி முழுக்க மாவு புளிக்கும். மறுநாள் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கிண்டும். கிண்டின கூழ் இன்னொரு ராத்திரி பானையில் கிடக்கும். அதற்கடுத்த காலையில்தான் உப்புப் போட்டுக் கரைத்துக் குடிப்பது. இரண்டு ராத்திரி, இரண்டு புளிப்பு.

மாவு கரைக்கிற பானையை அப்பாயி தேய்த்துக் கழுவாது. தண்ணி ஊற்றி ஒரு அலசு, அவ்வளவுதான். சின்ன வயசில் நான் அதைப் பார்த்து முகம் சுளித்தேன். பள்ளிக்கூடத்தில் சுத்தம் சோறு போடும் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்பாயி சொன்னது:

“சுத்தமா தேய்ச்சிட்டா நாளைக்கி மாவு புளிக்காதுடி. பானைக்கு உசுரு இருக்கு. காய விடக் கூடாது.”

மார்கழிக் குளிரில் பானையைச் சாக்கு சுற்றி அடுப்போரம் வைக்கும். கோடையில் நடுவீட்டு மண்தரையில் ஈரத்தில் வைக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு புளிக்கும் என்பது அதன் விரல் நுனியில் இருந்தது.

ரோடன்பாக்கின் மரப்பீப்பாய்க்கும் இதே சங்கதிதான். அங்கே ஏறத்தாழ 300 பீப்பாய்கள், சில 150 வருசத்துக்கு மேல் பழசு. மரத்தின் இண்டு இடுக்குகளில் நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. மரம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடுகிறது. லாக்டிக் அமிலம், அசெட்டிக் அமிலம் இரண்டும் அதில் உண்டாகின்றன. முதலாவது தயிரின் புளிப்பு, இரண்டாவது காடியின் புளிப்பு. லாம்பிக் காய்ச்சுகிற பழைய ஆலைகளில் ஈஸ்ட் என்று தனியாக எதையும் போடுவதில்லை. காய்ச்சிய சாற்றை ராத்திரிக் காற்றில் திறந்து வைத்து ஆறவிடுகிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருப்பது போதும். ஒட்டடையைக்கூட அடிக்காமல் விட்டு வைத்திருக்கிற ஆலைகள் உண்டு. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆராய்ச்சியாளர் கிளாஸென் 1904இல் இந்த வகை ஈஸ்ட் ஒன்றைப் பற்றி எழுதி, பிரெட்டனோமைசிஸ் என்று பேர் வைத்தார். பிரிட்டனின் காளான் என்று அதற்கு அர்த்தம்.

ஒட்டடை அடிக்காத ஆலைக்குப் பாரம்பரியம் என்று பேர். பானை தேய்க்காத அப்பாயிக்கு அழுக்கு என்று பேர்.

பானைக்கு உயிர் இருக்கிறது என்று அப்பாயி சொன்னதும் கிளாஸென் சொன்னதும் ஒரே உண்மை. அவரிடம் நுண்ணோக்கி இருந்தது. அப்பாயிடம் மூக்கும் நாக்கும் இருந்தன. அந்த மூக்கும் நாக்கும் என்ன செய்தன என்பதற்கு ஒரு வாக்கியம் போதும். அப்பாயி அடிக்கடி சொல்லும்: “புளிச்சது வேற, ஊசினது வேற.”

ஊசினது நூல் விடும். கையில் பிசுபிசுக்கும். வாடை மூக்கில் குத்தும். புளிச்சது நாக்கில் சுர்ருன்னு நிக்கும், வவுத்தில் குளுந்து உக்காரும். ஒன்று அழுகல். இன்னொன்று பக்குவம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை அறிந்து சமைப்பதுதான் அறிவு. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், அடுத்த வேளைக்கு என்ன என்று தெரியாத வீட்டில், அந்த அறிவு பிசகினால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அது எங்கள் பெண்களின் உயிர் காத்த அறிவு.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அப்பாயி வேலை பார்த்த பண்ணை வீட்டில் கொல்லைப்புறமாக நிற்கச் சொல்லிப் பழைய சோறு போடுவார்கள். மூணு நாள் சோறு. நூல் விட்டது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் வேலை இல்லை. வாங்கிக்கொண்டு வந்து வாய்க்கால் மீனுக்குக் கொட்டிவிட்டு, வீட்டில் தன் பானையைத் திறக்கும். எங்களுக்கு ஊசினதைப் போட்டார்கள். நாங்கள் புளிக்க வைத்ததை ஊசினது என்றார்கள்.

தலித்துகளின் வாயில் எதை ஊற்றுவது என்பதை இந்தச் சமூகம் எப்போதும் தானே முடிவு செய்ய நினைத்திருக்கிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குத் தண்டனை சாணிப்பாலும் சவுக்கடியும். 1940களில் செங்கொடி இயக்கம் வந்துதான் அதை எதிர்த்து நின்றது. போய்விட்டது என்று நினைத்தால், 2002இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளின் வாயில் மலத்தைத் திணித்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. இதையெல்லாம் சொல்லாமல் சுவையைப் பற்றி எழுத எனக்கு வராது. சுவைக்கு முன்னால் நாக்கு யாருடையது என்கிற கேள்வி இருக்கிறது.

கள்ளுக்கு வருகிறேன். அந்த பீருக்கு ரொம்பக் கிட்டத்து உறவு கள்ளுதான்.

பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது இனிப்புச் சாறு. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள்ளு. பழைய கலயத்தில் ஒட்டியிருக்கிற நுண்ணுயிரிகளே போதும், மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கினது இனிக்கும். பொழுது சாயச் சாயப் புளிக்கும். மறுநாளைக்கு வைத்தால் காடியை நோக்கிப் போகும். பெல்ஜியத்தில் இரண்டு வருசம் எடுத்துக்கொள்ளும் வேலையை நம் வெயில் ஒரு நாளில் முடித்துவிடுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கள்ளுக்கடையை நான் பார்த்ததில்லை. 1971இல் திறந்து 1974க்குள் மூடி, 1981இல் மறுபடி திறந்த கடைகள், 1987 ஜனவரி 1ஆம் தேதியோடு தமிழ்நாட்டில் இல்லாமல் போயின. நான் பிறந்தது அதற்கப்புறம். எனக்குத் தெரிந்தது அப்பாயி சொன்னதுதான்.

“விடியக்கால எறக்குன கள்ளு ஊருக்குள்ள போயிரும். அறுப்பு முடிஞ்சு நாங்க போறப்ப புளிச்சதுதான் கெடக்கும். அவங்களுக்கு மொந்தை. நமக்கு ஓலப்பட்டை. திண்ணைக்கு அந்தாண்ட குந்திக் குடிக்கணும். குடிச்சதும் பட்டைய நாமளே எடுத்துத் தூர எறியணும்.”

டீக்கடையில் இரட்டைக் குவளை என்று எழுதியிருக்கிறோம், போராடியிருக்கிறோம். கள்ளுக்கடையிலும் அதுதான் இருந்தது. போதை ஏறினாலும் சாதி இறங்கவில்லை.

ஆனால் அப்பாயி அதோடு நிறுத்தவில்லை. “பட்டையில குடிச்சா ஓல மணம் கூட வரும். மொந்தையில அது வராது. அவனுக்குத் தெரியாது” என்று சொல்லிச் சிரித்தது. இதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓலை மணம் வந்ததால் தீண்டாமை இனித்துவிடாது. ஆனால் அவமானப்படுத்துவதற்காகக் கொடுத்த ஏனத்திலும் ஒரு மணத்தைக் கண்டுபிடித்து, ஐம்பது வருசம் கழித்தும் அதைச் சொல்லுகிற நாக்கு இருக்கிறதே, அதற்குப் பேர் என்ன? எது நேற்றைய கள்ளு, எது கலயம் மாற்றினது, எதில் தண்ணி ஊற்றியிருக்கிறான் என்று ஒரு வாயில் சொல்லக்கூடிய ஆட்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். வெளிநாட்டில் அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. எங்கள் ஊரில் அவர்களுக்குக் கிடைத்த பேர் குடிகாரப் பயல்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது பெரும்பாணாற்றுப்படை பாடம். கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனிடம் பாணர்களை ஆற்றுப்படுத்துகிற பாட்டு. வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே ஒரு மது காய்ச்சும் முறை சொல்லப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துச் செய்த அடையை அதில் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு ஜாடியில் விளைய வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. தானியம், முளை, நொதி, ஜாடி. இதுதானே பீர்? அப்பாயியின் கூழுக்கும் அதே இரண்டு ராத்திரிக் கணக்கு. வகுப்பில் இந்த இடம் வந்தபோது பண்டைத் தமிழர் வாழ்வின் செழுமை என்று குறிப்பெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதே கல்லூரியில், விடுதியில் தங்கிப் படித்த எங்கள் பிள்ளைகளைப் பற்றி, ‘காலனிப் பசங்க, குடிகாரக் கும்பலு’ என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பாட்டை ஊன்றிப் படித்தால் ஒன்று தெரியும். அந்த ஜாடி இருந்தது அரண்மனையில் அல்ல, மீன் பிடிக்கிறவர்கள் வீட்டில். புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கலத்தில் ஏந்திக் கொடுத்தது யவனர் கொண்டுவந்த தேறல். அன்றைக்கும் அரசனுக்கு வெளிநாட்டுச் சரக்கு, உழைக்கிறவனுக்குத் தன் வீட்டு ஜாடி. இன்றைக்கும் அந்த வரிசை மாறவில்லை. யவனர் பாட்டில் கௌரவம். நம்முடைய கலயம் குற்றம்.

குற்றம் என்பதைச் சட்டப்படியே சொல்கிறேன். 1937ஆம் வருசத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் கள் இறக்குவது தண்டனைக்குரியது. 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. ஆலையில் காய்ச்சி பாட்டிலில் அடைத்தால் வருமானம். மரத்தில் சொட்டினால் வழக்கு. காரைக்காலில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. அங்கே கட்டட வேலைக்குப் போன எங்க தெரு ஆட்களோடு ஒரு தடவை நானும் குடித்துப் பார்த்தேன், யாரும் பிடிக்கவில்லை. கோவாவில் முந்திரிப்பழத்தில் இறக்குகிற ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரியலூர் மாவட்டத்து முந்திரிக்காட்டில் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை மண்ணில் எறிகிறோம். அதைப் பானையில் போட்டு ஊற வைத்தவன் ஜெயிலுக்குப் போவான்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார் என்று தெரியும். “அப்ப நீங்க கள்ளுக்கடை தொறக்கச் சொல்றீங்களா? 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூரில் பாபாசாகேப் கொடுத்த 22 உறுதிமொழியில் மது குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று, மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. எங்கள் தெருவில் டாஸ்மாக்கில் கூலியைத் தொலைத்துவிட்டு வருகிறவன் அடிக்கிற அடி எந்தப் பொம்பளை முதுகில் விழுகிறது என்று எனக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் அதிகம் பேர் நம் சனம், தினக்கூலிகள். அந்த வருசம் அக்டோபர் 2ஆம் தேதி உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மாநாட்டுக்குப் பெண்கள் திரண்டார்கள். அந்தப் பெண்களின் பக்கம்தான் நான். நான் குடிக்கச் சொல்லவில்லை. அன்றைக்குச் சென்னையில் நான் குடித்தது இரண்டு வாய். அதற்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

நான் கேட்பது வேறு. குடியை விடச் சொல்வது நம் விடுதலைக்காக. புளிப்பைப் பார்த்து வெட்கப்படச் சொல்வது அவர்களுடைய சாதிக்காக. இந்த இரண்டையும் ஒன்றாக்கி நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். குடியை விட்டுப் பள்ளிக்கூடம் போன நம் பிள்ளைகள் கூழையும் விட்டார்கள், பழைய சோற்றையும் ஒளித்தார்கள். டிபன் டப்பாவை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோற்றை வைத்துக் குடல் நோய்க்கு ஆராய்ச்சி செய்தார்கள். நல்ல விசயம்தான். பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் பழைய சோறு, பக்கத்தில் சின்ன வெங்காயம், மோர்மிளகாய். விலைப்பட்டியலில் பாரம்பரிய உணவு என்று எழுதியிருக்கிறது. யாருடைய பாரம்பரியம்? சட்டி வந்துவிட்டது, சட்டியைக் காயவிடாமல் வைத்திருந்தவள் வரவில்லை. நாளைக்குக் கள்ளுக்கும் தடை நீங்கலாம். அன்றைக்கு மரத்துக்கும் பாட்டிலுக்கும் யார் சொந்தக்காரர், நாம் ஏறுகிறவரா, இறக்குகிறவரா, வாசலில் நிற்கிறவரா என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

ரோடன்பாக் பாட்டிலில் 200 வருசத்துக்கு முந்தைய ஒரு குடும்பத்தின் பேர் இருக்கிறது. அதைப் பழிக்கவில்லை. தங்கள் பானைக்குத் தங்கள் பேரை எழுதிக்கொண்டார்கள். நாம் எழுதவில்லை, எழுத விடவும் இல்லை.

போன தையிலிருந்து எங்கள் தெருவில் எழுபது வயசைத் தாண்டிய பெண்களிடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாவு எத்தனை நேரம் ஊற வைப்பீங்க, மழைக்காலத்தில் என்ன செய்வீங்க, ஊசினதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க. முதலில், “இத எதுக்கு ஆயி எழுதற, சோத்துக்கில்லாத கதைய” என்றார்கள். இப்போது ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் மறுக்கிறார். கம்புக்கு ஒரு ராத்திரி போதும் என்று ஒருத்தர், இல்லை ஒன்றரை என்று இன்னொருத்தர். காடி, மோர்ப் புளிப்பு, பிஞ்சுப் புளிப்பு, செத்த புளிப்பு என்று இதுவரை புளிப்புக்கு மட்டும் பதினோரு சொல் சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் சொன்னவரின் பேரையும் தெருவையும் எழுதுகிறோம். உங்கள் ஊரிலும் எழுதுங்கள் தோழர்களே. சீக்கிரம் எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வருசத்துக்கு ஒருத்தர் இருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.